தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: அப்பாவோட போயிட்டு வந்த கதை

போன மாசம் அப்பாவோட முட்டிய காட்டுறதுக்கு திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் போயிருந்தோம், விடியக்காலைல நாகர்கோவில்ல இருந்து கெளம்பி, ஓ.பி. சீட்டு எடுத்து, எக்ஸ்ரே எடுத்து, டாக்டர பாத்து எல்லாம் முடிஞ்சு தம்பானூர் வந்து சேர மத்தியானம் தாண்டிருச்சு, திரும்புற ட்ரெயினுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு. அப்பா "எங்கயாவது உக்காரணும் மக்ளே, படி மட்டும் வேண்டாம்"ன்னு சொன்னாரு. அப்ப தான் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ல, பஸ் ஸ்டாண்ட ஒட்டி நிக்குற அந்த செங்கல் கலர் ரவுண்டு கட்டடம் ஞாபகம் வந்துச்சு. இந்தியன் காபி ஹவுஸ். நான் காலேஜ் படிக்கிறப்பல இருந்து எத்தனையோ தடவ போயிருக்கேன், அப்பாவ கூட்டிட்டு போனது இதான் முதல் தடவ. அந்த ஒரு தடவையில நான் இத்தனை வருஷமா கவனிக்காத நெறைய விஷயத்த அவரு கவனிச்சாரு, அதனால தான் இத உக்காந்து எழுதுறேன்.

காரணம் இருக்கு. எங்க அப்பா இருபத்தாறு வருஷம் ஹோட்டல்ல சப்ளையரா வேலை பாத்தவரு. ஒரு கையில நாலு தட்டு அடுக்கி எடுத்துட்டு போற ஆளு. அவர மாதிரி ஒருத்தர் ஒரு ஹோட்டல பாக்குற பார்வையும் நாம பாக்குற பார்வையும் வேற வேற.

முதல்ல கட்டடம். இத கட்டுனவரு லாரி பேக்கர். இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல பொறந்து 1945ல இந்தியா வந்து, கடைசி வரைக்கும் இங்கயே இருந்து, 2007ல திருவனந்தபுரத்துலயே காலமானவரு. குறைஞ்ச செலவுல வீடு கட்டுறது, வெட்டியா சிமெண்ட் பூசாம செங்கல்ல அப்படியே விடுறது, ஜன்னலுக்கு பதிலா செங்கல்ல சந்து விட்டு அடுக்கி காத்தும் வெளிச்சமும் வர வைக்கிறது, இதெல்லாம் அவரு பாணி. தம்பானூர்ல கெடைச்ச எடம் ரொம்ப சின்னது, அதனால அகலத்துக்கு போகாம மேல சுத்தி சுத்தி ஏத்திட்டாரு. வெளிய இருந்து பாக்க, எங்க பக்கம் பழைய வீட்டுல நெல்லு கொட்டி வைக்கிற குலுக்கை இருக்கும்ல, அத பத்து மடங்கு பெருசாக்கி ரோட்டோரம் நட்டு வச்ச மாதிரி இருக்கும். உள்ள போனா படியே கெடையாது. ஒரே சரிவு, நடுவுல இருக்குற ரவுண்டு சுவர சுத்திக்கிட்டே மேல ஏறிட்டே போகும், அந்த சரிவுல தான் வரிசையா மேஜையும் பெஞ்சும். எல்லாம் கட்டடத்தோட சேத்தே கட்டுனது, நகத்த முடியாது. தரை சரிஞ்சிருக்கு ஆனா மேஜை மட்டமா இருக்கு, அத யாரும் முதல்ல கவனிக்கவே மாட்டாங்க, காபி கப்ப வச்சு அதுக்குள்ள காபி ஒரு பக்கம் சாயாம நிக்குறத பாத்தா தான் புரியும் எவ்ளோ கணக்கு போட்டு கட்டிருக்காருன்னு. சுவர்ல இருக்குற ஓட்டைகள் வழியா வெயில் துண்டு துண்டா மேஜை மேல விழும், அந்த மத்தியானத்துலயும் ஏ.சி. வேணும்னு தோணல.

அப்பாவுக்கு படி ஏறுனா முட்டி பிடிச்சுக்கும், சரிவுல சுவர பிடிச்சு மெதுவா ஏறிட்டாரு. ரெண்டாவது சுத்துல ஒரு மேஜை காலியா இருந்துச்சு, உக்காந்தோம். ஒண்ணு சொல்லணும், உடம்பு பெருத்தவங்களுக்கும் கால மடக்க முடியாதவங்களுக்கும் அந்த பெஞ்சு கொஞ்சம் நெருக்கம். பெஞ்ச இழுத்து போட்டுக்க வழி கெடையாது. அப்பா கால வெளிய நீட்டி உக்காந்தாரு.

உக்காந்ததும் அவரு மெனு கார்ட பாக்கல. சப்ளையர தான் பாத்தாரு. வெள்ளை யூனிஃபார்ம், இடுப்புல அகலமான பட்டை, தலையில விசிறி வச்ச மாதிரி நிமிர்ந்து நிக்குற தலைப்பாகை, எல்லா ஊர் காபி ஹவுஸ்லயும் பாக்கலாம் அந்த உடுப்ப. அம்பது வயசு தாண்டுன ஒரு சேட்டன் தண்ணி கொண்டு வந்து வச்சாரு. அப்பா எங்கிட்ட குனிஞ்சு "கிளாஸுக்குள்ள விரல் விடல, அடியில பிடிச்சு கொண்டாந்தாரு பாத்தியா, இத சொல்லிக் குடுத்து தான் வரணும்"ன்னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் அந்த சரிவையே பாத்துட்டு இருந்துட்டு "இவரு ஒரு நாளைக்கு எத்தன தடவ ஏறி எறங்கணும்"னு கேட்டாரு. நான் இத்தனை தடவ அங்க போயி அந்த கட்டடத்த போட்டோ எடுத்திருக்கேன், ஒரு தடவ கூட எனக்கு அந்த கேள்வி வந்ததில்ல. பேக்கர் பெரிய மனுஷன் தான், அவரு மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு, ஆனா நமக்கு அழகா தெரியுற அந்த சரிவு தட்டு தூக்குறவங்களுக்கு நாள் முழுக்க ஒரு ஏத்தம்.

சாப்பாடு. முதல் தடவ போறவங்க மசால் தோசை கண்டிப்பா வாங்குங்க. நம்ம ஊர் மஞ்சள் உருளைக்கெழங்கு மசால்னு நெனச்சு பிச்சீங்கன்னா உள்ள இருந்து செக்கச்செவேல்னு எட்டிப் பாக்கும், பீட்ரூட்டு போட்ட மசால். கை விரல்ல மருதாணி வச்ச மாதிரி கலர் ஒட்டிக்கும். லேசா இனிக்கும், காரம் கம்மி, நாகர்கோவில் நாக்குக்கு முதல் வாய் ஏதோ மாதிரி தான் இருக்கும், மூணாவது வாய்ல பிடிச்சுடும். தோசை மொறுமொறுன்னு இல்லாம நடுவுல கொஞ்சம் மெத்துனு இருந்துச்சு, எனக்கு அது தான் பிடிக்கும், மொறுமொறுப்பு வேணுங்கிறவங்க நெய் ரோஸ்ட் சொல்லிக்கோங்க. சாம்பார் தண்ணியா தான் இருக்கும், கேரளா சாம்பார் அப்படி தான்.

கட்லெட் தான் என் ஓட்டு. வெஜ்ஜும் உண்டு மட்டனும் உண்டு. வெளிய ரொட்டித்தூள் பழுப்பா வறுபட்டு, உள்ள மறுபடியும் அந்த பீட்ரூட்டு செவப்பு, பக்கத்துல வெங்காயமும் தக்காளி சாஸும். சூடா வரும், ஸ்பூன வச்சு அமுக்குனா ஆவி கெளம்பும். அப்பாவுக்கு மட்டன் ஆம்லெட் சொன்னேன், முட்டைக்குள்ள கொத்துக்கறி வச்சு மடிச்சு தருவாங்க, நம்ம பக்கம் ஹோட்டல்ல அவ்வளவா பாக்க முடியாத ஐட்டம். அத அவரு ஓரத்துல இருந்து மெல்ல வெட்டி, உள்ள கறி வெந்திருக்கான்னு பாத்து, அப்புறம் தான் வாயில வச்சாரு. "மாஸ்டரு நல்ல ஆளு"ன்னு மட்டும் சொன்னாரு. அவரு வாயில இருந்து அது பெரிய சர்டிபிகேட்.

காபி பத்தி நேர்மையா சொல்லணும்னா, கும்பகோணம் டிகிரி காபி குடிச்சு வளந்தவங்க அத எதிர்பாத்து போகாதீங்க. இது கப் அண்ட் சாஸர்ல வர்ற, பாலும் டிகாஷனும் மிதமா கலந்த காபி. நுரை ஆத்தி தர மாட்டாங்க. ஆனா எனக்கு அந்த கசப்பு பிடிக்கும், நின்னு நிதானமா குடிக்கிற காபி. நாங்க சாப்பிட்டு முடிச்சு அரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தோம், ஒருத்தரும் வந்து பில்ல வச்சு வெரட்டல. மொத்த பில்லும், பெரிய சிட்டியில பளபளன்னு இருக்குற காபி ஷாப்புல ரெண்டு பேர் வெறும் காபி குடிச்சா ஆகுற காசுக்குள்ள தான் வந்துச்சு.

இனிமே தான் நான் எழுத வந்த விஷயம். காபி வந்தப்ப அப்பா அந்த சேட்டன்கிட்ட "முதலாளி யாரு, எந்த ஊரு"ன்னு கேட்டாரு. தம்பானூர்ல வேலை பாக்குறவங்களுக்கு தமிழ் நல்லா புரியும். அவரு சிரிச்சுட்டு "முதலாளியா, ஞங்ஙளு தன்னே அச்சா"ன்னாரு, நாங்களே தான் அப்பான்னு. அப்பாவுக்கு புரியல. நான் சொன்னேன், இங்க வேலை பாக்குறவங்க எல்லாரும் சேந்து நடத்துற கூட்டுறவு சங்கம்ப்பா இது, அவங்களுக்குள்ள ஓட்டு போட்டு நிர்வாகக் குழுவ தேர்ந்தெடுப்பாங்க, தனி ஆள் ஓனர்னு ஒருத்தரும் கெடையாதுன்னு. அப்பா திரும்பி கல்லா பக்கம் பாத்தாரு. அங்க உக்காந்திருந்தவரையும் பாத்தாரு. "அப்ப அவரு?" "அவரும் ஒரு தொழிலாளி தாம்ப்பா." அந்த சேட்டன் தலையாட்டுனாரு. அவரு அடுக்களையில பாத்திரம் கழுவுறதுல ஆரம்பிச்சு படிப்படியா இந்த தலைப்பாகைக்கு வந்தவராம். பி.எஃப். உண்டு, ஓணத்துக்கு போனஸ் உண்டுன்னு அவரே சொன்னாரு, ஏன்னா அப்பா அடுத்து கேட்டது அத தான்.

இந்த கதை எத்தன பேருக்கு தெரியும்னு தெரியல, சுருக்கமா சொல்றேன். 1930கள்ல உலகம் முழுக்க காபி வெலை விழுந்து கெடந்தப்ப, தோட்டத்துல வெளைஞ்ச காபிய உள்ளூர்லயே குடிக்க வைக்கணும்னு காபி செஸ் கமிட்டி (காபி மேல போட்ட வரிப்பணத்துல காபிய பரப்ப வச்ச கமிட்டி) 1936ல பம்பாய் சர்ச்கேட்ல முதல் காபி ஹவுஸ தொறந்துச்சு. அப்புறம் சர்க்காரோட காபி போர்டு வந்து நாடு முழுக்க கடை தொறந்தாங்க. சுதந்திரம் கெடைச்சு பத்து வருஷம் ஆகுறதுக்குள்ள போர்டு இத மூடிடலாம்னு முடிவு பண்ணி ஆட்கள வீட்டுக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. நூத்துக்கணக்கான சப்ளையரு, மாஸ்டரு, கிளீனரு எல்லாம் ரோட்டுக்கு வர்ற நெலமை. அப்ப கம்யூனிஸ்ட் தலைவரும் எம்.பி.யுமா இருந்த ஏ.கே.கோபாலன், ஏ.கே.ஜி.ன்னு சொல்லுவாங்க, அவரு தான் இந்த தொழிலாளிங்களுக்கு பின்னாடி நின்னு, வேலை குடுங்கன்னு கேட்டுட்டே இருக்காம நீங்களே சங்கம் வச்சு கடைய எடுத்து நடத்துங்கன்னு வழி காட்டுனவரு. 1957 ஆகஸ்ட் 19ல பெங்களூர்ல முதல் சங்கம் ஆரம்பிச்சாங்க, அதே வருஷம் அக்டோபர் 27ல டெல்லியில தொழிலாளிங்களே நடத்துற முதல் காபி ஹவுஸ் தொறந்தாச்சு. கேரளாவுல 1958 மார்ச் 8ல திருச்சூர்ல. அதே வருஷம் தலச்சேரியில. கேரளாவுல இத கட்டி எழுப்புனதுல என்.எஸ்.பரமேஸ்வரன் பிள்ளைக்கு பெரிய பங்கு, அவரும் காபி போர்டு கடையில வேலை பாத்து வெளிய வந்த தொழிலாளி தான். கேரளா காபி ஹவுஸ்ல சுவர்ல ஏ.கே.ஜி. படம் மாட்டியிருக்கும், சாமி படம் மாட்டுற எடத்துல. ஏன்னு கேக்காதவங்களுக்கு இப்ப தெரிஞ்சிருக்கும்.

இன்னைக்கு நாட்டுல பல மாநிலத்துல தனித்தனி சங்கமா சுமார் 400 கடை ஓடுது. கேரளாவுல மட்டும் ரெண்டு சங்கம், திருச்சூர தலைமையிடமா வச்சு ஒண்ணு, கண்ணூர வச்சு ஒண்ணு. கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட்ல இருக்கு, சிம்லாவுல இருக்கு, நம்ம பாண்டிச்சேரி நேரு வீதியில இருக்கு. கேரளாவுல சில மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளயும் உண்டு. நோயாளிக்கு துணையா வந்து பெஞ்சுல படுத்து கெடக்குறவங்களுக்கு அந்த வெலையில நல்ல சோறு கெடைக்கிறது எவ்ளோ பெரிய விஷயம்னு ஆஸ்பத்திரியில ராத்திரி தங்குனவங்கள கேளுங்க.

இப்ப எங்க அப்பா கதை. ஊரும் வேண்டாம் பேரும் வேண்டாம், நல்லா ஓடுன ஒரு ஹோட்டல். அப்பா அங்க சேந்தப்ப மூணு மேஜை, அவரு வெளிய வந்தப்ப ரெண்டு மாடி. அந்த ரெண்டு மாடியும் ஏறி எறங்கி தான் அவரு முட்டி போச்சு. காலைல அஞ்சு மணிக்கு போனா ராத்திரி பதினொண்ணு, நடுவுல ரெண்டு மணி நேரம் சாக்கு விரிச்சு படுப்பாங்க. பி.எஃப். கெடையாது, ஈ.எஸ்.ஐ. கெடையாது, தீபாவளிக்கு ஒரு வேட்டி சட்டை, ஒரு டப்பா ஸ்வீட். ஒரு நாள் அடுக்களையில எண்ணெய் கொட்டுன தரையில வழுக்கி விழுந்து ஒன்றரை மாசம் படுக்கையில இருந்தாரு, திரும்பி போனப்ப அவரு எடத்துல வேற ஆள். மொதலாளி ரெண்டு மாச சம்பளம் கையில குடுத்து "ஒடம்ப பாத்துக்கோ"ன்னு அனுப்பிட்டாரு. அப்பா இன்னைக்கு வரைக்கும் அந்த மொதலாளிய ஒரு வார்த்தை தப்பா பேசுனதில்ல, "அவரு முதல் போட்டவரு, அவரு வச்சது தான்"னு சொல்லுவாரு. எனக்கு தான் ஆறல. மூணு மேஜைய ரெண்டு மாடியாக்குனதுல அவரு முட்டியும் முதல் தானே, அதுக்கு எந்த நோட்டுலயும் வரவு எழுதல.

காபி ஹவுஸ்ல இது தான் வித்தியாசம். முதல் போட்டவன் தான் முதலாளின்னா, இங்க வேலைக்கு சேந்து மெம்பர் ஆகுறவரு தன்னோட பங்க போடுறாரு, அவரும் முதலாளி. எத்தன பங்கு இருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு தான், மேஜை தொடைக்கிறவருக்கும் ஒண்ணு, மேனேஜருக்கும் ஒண்ணு. லாபம் வந்தா ஒரு பங்கு சங்கத்துக்குள்ள ரிசர்வா நிக்கும், மீதி போனஸா, கடைய பெருசாக்குறதா, அத சங்கமே முடிவு பண்ணணும். கம்பெனி பங்கு மாதிரி வெளிய யாரோ ஒரு பணக்காரர் மொத்தமா வாங்கி வளைச்சு போட முடியாது. நாம குடுக்குற காசு எங்க போகுதுன்னு யோசிச்சா, காபித்தூள், பால், வாடகை போக மிச்சம் பெரும்பாலும் அங்க வேலை பாக்குறவங்க வீட்டுக்கு தான் போகுது, நெய்யாற்றின்கரையிலயும் பாறசாலையிலயும் இருக்குற மளிகைக்கடைக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் போகுது. ஒரு ஊர் பொழைக்கிறதுன்னா இது தான்னு நான் நெனைக்கிறேன்.

நம்ம தமிழ்நாட்டுக்கு கூட்டுறவு புதுசு கெடையாது. சொல்லப் போனா இந்தியாவுலயே இது வேர் பிடிச்சதுல நம்ம பக்கத்துக்கு பெரிய பங்கு உண்டு. மெட்ராஸ் மாகாண சர்க்கார் ஃபிரெடரிக் நிக்கல்சன்னு ஒரு அதிகாரிய ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்க விவசாயிங்க வட்டிக்காரன்கிட்ட மாட்டாம எப்படி கடன் சங்கம் நடத்துறாங்கன்னு பாத்துட்டு வர சொன்னாங்க, அவரு 1895லயும் 1897லயும் அறிக்கை குடுத்தாரு. 1904ல கூட்டுறவு சட்டம் வந்த அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் திரூர்ல கிராம கடன் சங்கம், திருவல்லிக்கேணியில டி.யு.சி.எஸ்.ங்கிற கூட்டுறவு பண்டகசாலை. இன்னைக்கு நம்ம ரேஷன் கடையில பெரும்பாலானது கூட்டுறவு சங்கம் நடத்துறது தான், ஆவின் பால் கூட்டுறவு, கோ-ஆப்டெக்ஸ் புடவை கூட்டுறவு. ஆனா நம்மள்ல எத்தன பேரு அது நம்மளோடதுன்னு நெனச்சு அந்த கடைக்குள்ள போறோம்? சர்க்கார் ஆபீஸுன்னு நெனச்சு தான் போறோம். சங்கத்துல மெம்பரா இருக்குற விவசாயி கூட லோன் வாங்க மட்டும் தான் வாசப்படி மிதிக்கிறாரு, மெம்பருங்க எல்லாரும் கூடுற பேரவைக் கூட்டம் எப்ப நடந்துச்சுன்னு கேட்டா முழிப்பாரு. எனக்கு அது ரொம்ப வருத்தம். ரேஷன் கடையில எடை போடுறவருக்கோ, நெசவு சங்கத்துக்கு தறி போடுறவருக்கோ "இது என்னோடது"ன்னு ஒரு நிமிர்வு வரணும்ல, அந்த நிமிர்வ தான் நான் அந்த சேட்டன் முகத்துல பாத்தேன், "ஞங்ஙளு தன்னே"ன்னு சொன்னப்ப.

கேரளாவுல காபி ஹவுஸ் மட்டும் தனியா நிக்கல, அதையும் சொல்லிடறேன். கண்ணூர் பக்கம் பீடி கம்பெனிங்க, தொழிலாளிக்கு பாதுகாப்பு குடுக்குற புது சட்டத்த அமல்படுத்த மனசில்லாம கடைய மூடிட்டு போனப்ப, பன்னெண்டாயிரம் பேரு கிட்ட வேலை இல்லாம நின்னாங்க, அவங்க சேந்து 1969ல ஆரம்பிச்சது தான் தினேஷ் பீடி. ஒரு காலத்துல நாப்பதாயிரம் பேருக்கு மேல அதுல பொழைச்சாங்க. அப்புறம் பீடி குடிக்கிறது கொறைய கொறைய, மூடாம, தேங்காப்பால், ஊறுகாய், குடை, துணின்னு மாறுனாங்க. வடகரை பக்கம் 1925ல கூலிக்காரங்க ஆரம்பிச்ச ஊராளுங்கல் சங்கம் இன்னைக்கு பெரிய பெரிய ரோடும் பாலமும் போடுது. இதெல்லாம் கேக்குறப்ப எனக்கு பொறாமையா தான் இருக்கும்.

அதுக்காக எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரல. கூட்டுறவுன்னா ஆட்சி மாறுனா கை வைக்க பாக்குற அரசியல் எல்லா மாநிலத்துலயும் இருக்கு. காபி ஹவுஸுக்கு எடம் எப்பவுமே ஒரு பிரச்சனை, டெல்லி கனாட் பிளேஸ்ல இருந்தத 1976ல எமர்ஜென்சி நேரத்துல இடிச்சு தள்ளுனாங்க, அப்புறம் தான் மோகன் சிங் பிளேஸ் மாடிக்கு போச்சு. பெங்களூர் எம்.ஜி. ரோட்டுல அம்பது வருஷம் இருந்த கடை 2009ல அந்த எடத்த விட்டு சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு மாற வேண்டியதா போச்சு. வேலை செய்யுறவங்க கையில கடை இருந்தாலும் தரை இன்னொருத்தர் கையில இருந்தா இப்படி தான். இன்னொரு கொறை, இங்க பரிமாறுற வேலையில ரொம்ப காலமா ஆம்பளைங்க மட்டும் தான். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுன்னு இருக்குற சங்கத்துல பொம்பளைங்களுக்கும் அந்த ஓட்டு நெறைய போய் சேரணும், அந்த தலைப்பாகைய அவங்களும் கட்டணும். இவ்ளோ மனசார பாராட்டுற எடத்துல இத சொல்லாம போனா தப்பு.

போறவங்களுக்கு சில விஷயம். தம்பானூர் ஸ்டேஷன்ல எறங்கி வெளிய வந்தா நடந்தே போயிடலாம், கூரை வரைக்கும் ஓட்டை ஓட்டையா இருக்குற செங்கல் கலர் கோபுரத்த யாரும் தவறவிட முடியாது. காலைல டிபன் நேரத்துலயும் சாயங்காலமும் கூட்டம் நெரியும், ரெண்டு மணியில இருந்து நாலு மணிக்குள்ள போனா மேல் சுத்துல நிம்மதியா உக்காரலாம். முட்டி வலி உள்ளவங்க கீழ் சுத்துலயே எடம் கேளுங்க. மூணு நாலு பேர் போனா ஆளுக்கு ஒண்ணா வாங்கி பங்கு போட்டுக்கோங்க, கட்லெட் மட்டும் பங்கு போடாதீங்க, பத்தாது. என் மதிப்பெண் சாப்பாட்டுக்கு 5க்கு 4, கட்டடத்துக்கு 5, அந்த சேட்டன் மாதிரி ஆட்களுக்கும் அவங்க சங்கத்துக்கும் எத்தன ஸ்டார் இருக்கோ அத்தனையும்.

எழுந்திருக்கிறப்ப அப்பா பழக்க தோஷத்துல தட்டெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, ஸ்பூன ஒரு பக்கமா வச்சு, மேஜையில சிந்துனத கையால ஓரத்துக்கு கூட்டுனாரு. சேட்டன் ஓடி வந்து "அய்யோ அச்சா, அவிட வெச்சேக்கு"ன்னு, அங்கயே வச்சிடுங்கன்னு தடுத்தாரு. அப்பா அந்த அடுக்க காட்டி "நானும் இந்த தொழில் தான்"ன்னாரு. அவரு ஒரு நிமிஷம் அப்பா கையப் பாத்தாரு, அப்புறம் ரெண்டு கையாலயும் அந்த கையப் பிடிச்சு எழுப்பி, சரிவு முடியுற வரைக்கும் கூடவே எறங்கி வந்தாரு.

ட்ரெயின்ல ஜன்னல் சீட்டு கெடைச்சுது. பாலராமபுரம் தாண்டுற வரைக்கும் அப்பா ஒண்ணும் பேசல. அப்புறம் திடீர்னு கேட்டாரு, "அந்த ஓட்டு சொன்னியே மக்ளே, அது கை தூக்குறதா, பெட்டியில போடுறதா?"

"பெட்டியில தாம்ப்பா. ரகசிய ஓட்டு."

"யாருக்கு போட்டான்னு தெரியாதுல்லா?"

"தெரியாது."

"அப்ப சரி"ன்னு சொல்லிட்டு கால நீட்டி கண்ண மூடிக்கிட்டாரு.